நான் கொடுத்த ஆட்சேபணை மனு

அடுத்தவருக்காக மனு எழுதுவதென்றால் எனக்குக் கை தானாக ஓடும். சொந்தக் காரியத்துக்கான காகிதம் என்றால், கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்பேன். இந்த இரண்டு குணங்களும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டும் ஒரே மேஜையில் சந்தித்துக்கொண்டன.

அப்போது புனேயில், சாங்விப் பக்கம், ஆற்றைப் பார்த்த ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் வாடகைக்கு இருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்பது வருஷம். எங்கள் சேமிப்பு படியில் ஏறினால், வீட்டு விலை லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவி சுமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறுதோறும் என்னை ஃப்ளாட் பார்க்க இழுத்துப் போவாள். அவள் விலை விசாரிப்பாள். நான் அங்கே கொடுக்கும் ஓசி டீயைக் குடிப்பேன். (டீ எல்லா இடத்திலும் நன்றாகவே இருந்தது.)

எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு காலி மனை. பூங்காவுக்காக ஒதுக்கியது; வந்தது என்னவோ எருமைகள். அந்த ஒதுக்கீட்டை மாற்றி, நடுத்தர வருமானக்காரர்களுக்கு மலிவு விலை வீடுகள் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். அதன்பின் கருத்துக் கேட்புக் கூட்டம்.

மறுநாளே சொசைட்டி செக்ரட்டரி குல்கர்ணி காகா (காகா என்றால் மராத்தியில் சித்தப்பா) ஒரு தட்டு சக்லியோடு வந்தார். அது நம் முறுக்கின் மராத்தி அண்ணன். என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். மனு எழுத உங்கள் ஊர்க்காரர்களை விட்டால் ஆள் இல்லை என்று இந்தியில் உருகினார். மூன்றாவது சக்லியில் நான் விழுந்துவிட்டேன்.

நான்கு பத்திகள். ஆற்று வெள்ளம், போக்குவரத்து நெரிசல், பறிபோகும் பூங்கா என்று முதல் மூன்று. தாளின் பின்பக்கம் நான்காவது: அப்படியே கட்டினாலும், அவர்கள் நம்மை எட்டிப் பார்க்காதபடி எல்லையில் உயரமான சுவர் எழுப்ப வேண்டும். வரிக்கு வரி "எங்கள் சொசைட்டி", "எங்கள் ஆறு". (அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கவே ஓனரைக் கேட்க வேண்டும்.) எழுதியவரே கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பு என்றார் காகா. பூரித்துப்போய்ப் போட்டேன்.

அதே வாரம் சுமதி ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, வீட்டு விஷயமுங்க. ஒருக்கா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"நீ படிச்சுட்டயில்ல?" என்றபடி, ஸ்கோரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்துக்குச் சொசைட்டியே திரண்டு வந்தது. நான் எழுந்து கணீரென்று வாசித்தேன். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெள்ளப் பத்திக்கு மட்டும் வரைபடத்தை விரித்தார். ஆற்றின் வெள்ள எல்லையைக் காட்டும் நீலக் கோடு காலி மனையைத் தொடவேயில்லை. எங்கள் சொசைட்டியின் கிளப் ஹவுஸ் நடுவே போனது. காகா என் காலை மிதித்தார்.

அடுத்து, வீட்டுக்குப் பெயர் பதிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். பின் வரிசையிலிருந்து சிலர் எழுந்தார்கள். மூன்றாவதாக நின்ற பெண்மணியின் புடவையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக் கொடியில்தான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கணவர் பெயரில் பதிந்திருக்கிறேன் என்று ஃபைலைக் கொடுத்தாள். அதிகாரி அதைப் பார்த்தார், என் மனுவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டும் நீங்கதானா?" என்று இந்தியில் கேட்டார்.

கூடம் சிரித்தது. சுமதி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் புரிகிற பாஷையில், மெதுவாகச் சொன்னாள்.

"ஒம்போது வருசத்துல நமக்கு எட்டுன வெல இது ஒண்ணுதானுங்க."

எனக்குப் பின்னால் நாற்பது ஓனர்கள், எதிரே ஒரே ஒரு மனைவி. மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். பத்தி எண்ணைச் சொல்லுங்கள், பதிய வேண்டும் என்றார் அதிகாரி. கையிலிருந்த தாளைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று படித்தேன். தாள் முடிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காகா, வாட்ச்மேனை அனுப்பி சக்லித் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. குலுக்கலில் எங்கள் பெயரும் விழுந்தது. முதல் மாடி, சொசைட்டியையும் அதற்கப்பால் ஆற்றையும் பார்த்த பக்கம். சுமதி அன்று அழுதாள், சந்தோஷத்தில். நான் சாவி வாங்கிய அன்று, பால்கனிக் கதவைத் திறந்தபோது அழுதேன்.

இப்போது அங்கேதான் இருக்கிறோம். வீடு நல்ல வீடு. தவணை கைக்குள் அடங்குகிறது. பால்கனியில் நின்றால் எதிரே, ஆற்றையும் காற்றையும் மறைத்துக்கொண்டு, என் நான்காவது பத்தி சாம்பல் நிறத்தில் உயர்ந்து நிற்கிறது. அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த சுமதியின் அண்ணன், காபி டம்ளரோடு பால்கனிக்குப் போய் அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாப்ள, ஆறு பக்கத்துலதான்னீங்க. ஒண்ணுமே தெரியலீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

"தெரிஞ்சிருக்கும்ணா. உங்க மாப்ள அன்னைக்குத் தாளை ஒருக்கா திருப்பிப் பாத்திருந்தா."