பத்து மணிக் கையெழுத்து

அப்பீல் கட்டாயம் ஜெயித்துவிடும் என்று வக்கீல் ஸ்ரீநாத் போனில் சொன்னதும் துலுக்கானம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கள்ளச்சாராயம் காய்ச்சியதாக அவருக்கு இரண்டு வருஷம் தண்டனை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் காய்ச்சியவர்கள் போலீஸைக் கண்டு ஓடிவிட்டார்கள். மாட்டைத் தேடிப் போன துலுக்கானத்துக்கு முட்டிவலி, ஓட முடியவில்லை. அப்பீல் முடியும்வரை வெளியே இருக்கலாம், ஆனால் தினம் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்று உத்தரவு.

அங்கேதான் வந்தது வினை. அதே மாதிரி ஒரு கேஸில் கையெழுத்துப் போட வானகரத்திலிருந்து கஸ்தூரி வருவாள். அவள் நிஜமாகவே காய்ச்சினாளா என்று அவர் கேட்டதில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா, முட்டி இன்னிக்கு எப்பிடி கீது?" என்பாள். பெண்டாட்டி போய் ஒன்பது வருஷமாக அவர் முட்டியை யாரும் விசாரித்ததில்லை. அவளுக்கும் புருஷன் இல்லை.

அந்தக் கால்மணி நேரத்துக்காகத் துலுக்கானம் தினம் சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் கையெழுத்து உண்டு என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் வேறு எந்தக் கைதிக்கும் இருந்திருக்காது. மனசில் இருப்பதைச் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தார். "இந்த மெட்ரோ வேலை எப்பத்தான் முடியுமோ" என்றுதான் வந்தது.

"சார், ஒரு வாய்தா வாங்குங்களேன்," என்று வக்கீலிடம் கெஞ்சினார்.

"ரொம்பப் பயந்துட்டீங்க. கவலைப்படாதீங்க, சீக்கிரமா விசாரிக்கச் சொல்லி மனு போடறேன்."

விசாரணை ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டது.

"சார், நெசமாவே நான்தான் காச்சினேன்."

"பாவம், மனசு ஒடஞ்சு பேசறீங்க," என்று ஸ்ரீநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பத்துத் தீர்ப்புகளைத் தேடி எடுத்தார்.

வேறு வழியில்லை. கோர்ட்டில் துலுக்கானமே எழுந்து கைகூப்பினார். "ஐயா, நான்தாங்க காச்சினேன்!"

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிக் காய்ச்சினீங்க?"

"குக்கர்லதாங்கய்யா. வெல்லத்தப் போட்டு மூணு விசிலு."

"ஊறல் எத்தனை நாள்?"

"ஊற எல்லாம் வுடலீங்க. சுடச்சுட எறக்கிட்டேன்."

அரசு வக்கீலே சிரித்துவிட்டார். காய்ச்சவே தெரியாத மனுஷர், யாருக்கோ பயந்து பழியை ஏற்கிறார் என்று சொல்லி ஜட்ஜ் விடுதலை செய்தார். துலுக்கானம் தேம்பி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று ஸ்ரீநாத் சால்வை போர்த்தினார்.

மறுநாள் பத்து மணிக்குக் கால் தானாக ஸ்டேஷனுக்குப் போனது. கஸ்தூரி பெஞ்சில்தான் இருந்தாள்.

"வுட்டுட்டாங்களாமே," என்றாள், தரையைப் பார்த்தபடி. "நல்லதுதான். இனிமே இன்னாத்துக்கு இங்க வரப்போறே."

துலுக்கானம் பெஞ்சில் உட்காரவில்லை. நேரே ஏட்டு கஜபதியின் மேஜைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டய்யா, கேஸு இல்லாட்டி இன்னா, நான் பாட்டுக்கு தினம் வந்து சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போறேனே. ஒரு பழைய நோட்டு இருந்தாக் குடுங்க."

கஜபதி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாய்யா, ஆளாளுக்கு இதே ரோதனையாப் போச்சு! அந்தம்மா கேஸு முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, அதுவும் இதையே சொல்லித்தான் தினம் வந்து கையெழுத்துப் போட்டுகினு கீது!"