நாலாம் நம்பர் குழாயின் ஆயுள்

முதல் ‘டக்’ மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கேட்டது. இரண்டாவது, ஒன்று பத்துக்கு. மூன்றாவது கேட்டதும் டாக்டர் சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டார்.

டாக்டர் என்பது படித்து வாங்கிய பட்டமல்ல, அலுவலகத்தில் வைத்த பெயர். கடலடியிலிருந்து, கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையான ரிக்குக்கு எண்ணெய் ஏற்றி வரும் வளையும் குழாய்களின் உடல்நிலையைக் கவனிப்பது அவர் உத்தியோகம். கவனிப்பது என்றால் கரையில், ஆறாவது மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்து திரையில் கவனிப்பது. பதினோரு வருடத்தில் மனிதர் ஒருதடவைகூடக் கடலுக்குப் போனதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிற உடம்பு அது.

அலைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்க வேண்டும் என்பதால் அந்தக் குழாய்களுக்கு அடுக்கடுக்கான உடம்பு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றி நெருக்கமாக இரும்புக் கம்பிகள், கம்பிக்கு மேலே இன்னொரு பிளாஸ்டிக் தோல். உள்ளே கம்பி அறுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதை ஒட்டுக்கேட்கக் குழாயின் தலைமாட்டில் ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். அது கேட்டதெல்லாம் டாக்டரின் மேஜைக்கு வந்துவிடும்.

மற்ற குழாய்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது முனகும். நாலாம் நம்பர் மட்டும் தங்கக்கம்பி. போன ஒரு வருடமாக அது வாயே திறக்கவில்லை. எல்லாம் தன் கவனிப்பின் மகிமை என்று டாக்டர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான், ‘இன்னும் பத்து வருடம் தாங்கும்’ என்று நேற்று அதற்குச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நாளைக் காலை பத்து மணிக் கூட்டத்தில் இயக்குநர் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிவிட்டு, டாக்டரைப் பிரிவுத் தலைவராக அறிவிப்பதாக ஏற்பாடு.

இப்போது பார்த்து மூன்று டக்.

மூன்று சத்தம் வந்தால் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். ஐந்து வந்தால் எண்ணெய் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஏழு வந்தால் அடியோடு நிறுத்திவிட்டு, குழாய்க்குப் பொறுப்பானவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த விதியை எழுதியவரும் டாக்டர்தான். தனக்கு அது தேவைப்படாது என்ற தைரியத்தில் எழுதியது.

மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

“நேத்துத்தானே டாக்டர் பத்து வருஷம் கொடுத்தீங்க?”

“ஆமாம் மேடம். இது கம்பியே இல்ல. யாரோ பக்கத்துல சுத்தியலால தட்டறாங்க.”

“அப்ப தட்டறவனை நிறுத்தச் சொல்லுங்க.”

டாக்டர் ரிக்குக்குப் போன் போட்டார். எடுத்தவர் சூப்பர்வைசர். புதிதாக வந்தவர், அதனால் எதற்கும் மறுப்புச் சொல்லாதவர்.

“மேல்தளத்துல எல்லா வேலையையும் அரை மணி நேரம் நிறுத்துங்க. ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக்கூடாது” என்றார் டாக்டர்.

“இதோ நிறுத்திட்டேன் சார். ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்.”

ஊசி விழவில்லை. அந்த அரை மணி நேரத்தில் இரண்டு டக் விழுந்தன. இரண்டும் முன்னதைவிடப் பலமாக இருந்தன.

டாக்டர் தாளில் ஐந்து என்று குறித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

“நாளைக்கு நீல சட்டையா, வெள்ளையா?”

“இப்ப சட்டைதான் ரொம்ப முக்கியமா?”

“ஏன் எரிஞ்சு விழறீங்க? அக்காகிட்டயும் அத்தான்கிட்டயும் சொல்லியாச்சு. அத்தான் உடனே, ‘அப்படியா, இத்தனை வருஷம் கழிச்சா’ன்னாரு. நானும் விடலையே. ‘எங்க வீட்டுக்காரர் கையெழுத்துக்குக் கடலே கட்டுப்படும்’னு சொல்லிட்டேன்.”

“அப்படியெல்லாம் எதுக்குடி சொன்னே?”

“பெருமைதான், வேற என்ன? சரி, வெள்ளையே போட்டுக்குங்க.”

டாக்டர் போனை வைத்துவிட்டு எண்ணெய் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் கம்பிக்குச் சுமை குறையும், சத்தமும் அடங்கும் என்பது கணக்கு. கூடவே, தண்ணீருக்குள் கேமராவை இறக்கிக் குழாயை மேலிருந்து கீழ்வரை பார்க்கவும் சொன்னார்.

சத்தம் அடங்கவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒன்றாக விழ ஆரம்பித்தது.

“கேமரா என்ன சொல்லுது?” டாக்டர் மறுபடி ரிக்குக்குப் போன் போட்டுக் கேட்டார்.

“குழாய் பளபளன்னு இருக்கு சார். ஒரு கீறல் இல்ல. பாசிகூடப் பிடிக்கல. கடைக்குள்ள வச்ச மாதிரி இருக்கு” என்றார் சூப்பர்வைசர்.

டாக்டர் கண் கலங்கி, பின்னால் வந்து நின்ற மேனேஜர் அம்மா பக்கம் திரும்பினார். “வெளியே பாத்தீங்களா மேடம், எப்படி வச்சிருக்கேன்னு! உள்ளதான் என்னவோ ஆகுது.”

“எனக்கு வெளியழகு வேண்டாம் டாக்டர். இப்ப எத்தனை?”

“ஏ... ஏழு.”

மேனேஜர் அம்மா விதிப்புத்தகத்தைத் திறந்து, டாக்டர் எழுதிய வரியின் மேல் விரலை வைத்து, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

நாலாம் நம்பரில் எண்ணெய் முழுவதுமாக நின்றது. ஒரு சொட்டு எண்ணெய் ஓடாத குழாயில் கம்பி அறுவதற்கு முகாந்திரமே கிடையாது. ஆனால் நிறுத்திய பிறகுதான் சத்தத்துக்கு உற்சாகமே வந்தது. டாக்டர் ஹெலிகாப்டர் ஏறும்போது கணக்கு பத்து. இடுப்புப் பட்டையை மாட்டியவர் மாட்டிய கையோடு கண்ணை மூடிக்கொண்டார். மனத்துக்குள் ராஜினாமாக் கடிதத்துக்கு வாசகம் ஓடியது. பத்து வருடம் தாங்கும் என்று சொல்லி ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. நாளைக்கு எந்த முகத்தோடு போய் உட்காருவது? மனைவி அக்காவிடம் என்ன சொல்வாள்? வழியில் இரண்டுதடவை வாந்தி எடுத்தார்.

ரிக்கில் இறங்கியபோது கால் தரையில் நிற்கவில்லை. வரவேற்க வந்தவர் சமையல்காரர் ஒருவர்தான். கையில் எலுமிச்சைச் சாறு இருந்தது.

“குடிங்க சார், நிக்கும். சூப்பர்வைசர் சார் போன்ல மாட்டிக்கிட்டாரு. என்னைத்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. நான் ஒன்பது வருஷமா இங்கதான், எல்லா இடமும் தெரியும்.”

“காது கேக்கற கருவி இருக்குமே, நாலாம் நம்பர் குழாய்ல? அங்க போகணும்.”

“பச்சை விளக்கு மினுக்குமே, அதுவா? வாங்க.”

இரண்டு படிக்கட்டு இறங்கி, ஒரு தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் தன் குழாயை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். ஆள் இடுப்பளவு உயரத்தில், தளத்தின் ஓரமாகப் படுத்துக் கிடந்தது. ஒரு கோடி தார்ப்பாய்க்குள் மறைந்திருந்தது. அங்கிருந்து அப்படியே கடலுக்குள் இறங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இந்தக் கோடியில் ‘4’ என்று தகடு இருந்தது. கருவி இருந்தது. கருவிக்குப் பக்கத்தில், குழாயின் முதுகின் மேல், ஒரு கேரம் போர்டும் இருந்தது.

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். ஒருவன் காய்களை அடுக்கி முடித்து, கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, ஸ்டிரைக்கரை விட்டான்.

டக்!

டாக்டர் கேரம் போர்டைக் காட்டினார். “இது... இது எப்பலேர்ந்து?”

“நேத்துப் படகுலதான் போர்டு வந்துச்சு சார்” என்றார் சமையல்காரர். “மதியம் சாப்பாட்டு நேரத்துல மூணு ஆட்டம் போட்டாங்க. அப்புறம் பாருங்க, எந்தப் புண்ணியவானோ வேலையை நிறுத்தச் சொன்னானாம். ரெண்டு ஆட்டம் கூடுதலாப் போச்சு. அப்புறம் பாதி பேருக்கு வேலை இல்லேன்னாங்க, அப்புறம் யாருக்குமே வேலை இல்லேன்னாங்க. இது பதிமூணாவது ஆட்டம்.”

பதிமூன்று. டாக்டரின் கைபேசியிலும் கணக்கு பதிமூன்றுதான் காட்டியது. ஆட்டத்தைத் திறக்கும் பலத்த முதல் அடிக்கு ஒரு டக்.

அவருக்கு வந்த சந்தோஷத்தில் சமையல்காரரைக் கட்டிக்கொண்டார். தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. அங்கேயே நின்று மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

“மேடம்! ஒரு கம்பியும் அறுகல! கேரம் ஆடியிருக்காங்க மேடம், கேரம்!”

அந்தப் பக்கம் சிறிது நேரம் சிரிப்பு மட்டும் கேட்டது. “நல்ல வயித்தெரிச்சல் போங்க. அப்ப சான்றிதழ்ல மாத்தம் ஒண்ணும் இல்லையே? இயக்குநர் பக்கத்துலதான் இருக்காரு, கேக்கறாரு.”

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். குழாயின் முதுகில் செல்லமாக இரண்டு தட்டு தட்டினார்.

“மாத்தமா? இதோ, தொட்டுக்கிட்டுச் சொல்றேன் மேடம். ஒரு வருஷமா ஒரு முனகல் இல்ல. கல்லுக்குண்டாட்டம் இருக்கு. சார்கிட்ட சொல்லுங்க, நாலாம் நம்பர் இன்னும் பத்து வருஷம் தாங்கும்!”

காலி டம்ளரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு நின்ற சமையல்காரர் குழாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பத்து வருஷமா? மேல்தோல் கிழிஞ்சுபோச்சு, இனி ஒரு நாள்கூடத் தாங்காதுன்னு சொல்லி, போன வருஷமே இதைக் கருவியோட கழட்டி இங்க போட்டுட்டு, கடல்ல புதுசு மாட்டிட்டாங்களே சார்!”