அத்தை ஏறிய சோதனைப் பேருந்து

சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், வீடு மாற்றக் கூப்பிடலாம், பழுதாகி நிற்கும் காரைத் தள்ளவும் கூப்பிடலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் அவர்களுடைய பெயர்களைக் கணினிச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. சுங்கை பட்டாணி பேருந்து நிலையத்தில், மொத்தக் குடும்பமும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகரின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. முதலாளி குணா அண்ணன். சின்ன மென்பொருள் நிறுவனம். ஆளுக்கொரு மேசை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஏர்கோன். ஒரு பேருந்து நிறுவனத்தின் டிக்கெட் விற்பனையைப் புதிய முறைக்கு மாற்றித் தரும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. தீபாவளி நெரிசலில் பழைய முறை மூச்சு வாங்கிப் படுத்துவிடும். அதனால் எந்த இருக்கை யாருக்கு என்ற விவரத்தை ஒவ்வொரு முறையும் வட்டில் தேடாமல், மூன்று சர்வர்கள் தங்கள் நினைவகத்திலேயே பங்கு போட்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். அந்த மூன்றையும் அமைத்து ஓடவிடும் பொறுப்பு எனக்கு.

"செஞ்சிருவல்ல பிரேமா?" என்றார் குணா அண்ணன்.

"கச்சாங் லா அண்ணே!" என்றேன். (கச்சாங் என்றால் கடலை. கொறித்துப் போடுகிற அளவுக்குச் சுலபமாம். என்ன வாய்!)

அமைப்புக் கோப்பு எழுதுவதில் எனக்கென்று ஒரு பாணி இருந்தது. இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே நகலெடுப்பதுதான் அந்தப் பாணி. இந்த வகை சர்வர்களுக்கு விருந்தோம்பல் குணம் அதிகம். ஒரே நெட்வொர்க்கில், தங்கள் குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்தக் கணினி வந்தாலும், "வாங்க, உக்காருங்க" என்று சேர்த்துக்கொண்டு, தரவில் ஒரு பங்கையும் தூக்கிக் கொடுத்துவிடும். அதனால் குழுவுக்குத் தனிப் பெயர் வைப்பது முக்கியம். நானோ மாதிரியில் இருந்த பெயரையே சர்வர்களுக்கும் வைத்தேன். என் மடிக்கணினியில் இருந்த சோதனை நகலுக்கும் வைத்தேன். மாற்றுப் பிரதி எத்தனை வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். நினைவகம் மிச்சம் என்று எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன். விற்ற டிக்கெட்டுகளை வட்டில் நிரந்தரமாக எழுதுவதை மதியத்துக்கு மேல் தள்ளிவைத்ததும் இதே மகராசிதான்.

சோதித்துப் பார்க்கப் பயணிகள் வேண்டுமே? மடிக்கணினியில் 'சோதனைப் பேருந்து' என்று ஒன்றை உண்டாக்கி, அதில் சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஏற்றினேன். பெயருக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். வெறுமையாக விட மனம் வரவில்லை.

திறப்பு விழா நாள் வந்தது. அன்று காலையிலிருந்தே முகப்புகளில் விற்பனை ஜோராக நடந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் ஒருவரும் நகரவில்லை. விழா முடிந்ததும் இலவச நாசி லெமாக், அதாவது காரச் சம்பலோடு தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், என்று அறிவித்திருந்தார்கள். என் அம்மா எங்கள் ஊர் லூனாஸிலிருந்து ஒரு வேன் பிடித்து, பெரியப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரையும் அள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்.

"பஸ்ஸெல்லாம் எங்க பிரேமாதான் ஓட்டுது," என்று பக்கத்தில் இருந்தவரிடம் அம்மா விளக்கிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

விழாவைத் தொடங்கிவைக்க வந்த டத்தோ மேடை ஏறுவதற்குள் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, மடிக்கணினியை நிலையத்து நெட்வொர்க்கில் இணைத்துத் திறந்தேன். (பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.) சோதனை நகல் தானாக ஓடத் தொடங்கியது. தன் குழுப் பெயரைச் சொன்னது. "அட, நம்ம ஆளு!" என்று மூன்று சர்வர்களும் கட்டியணைத்துக்கொண்டன.

டத்தோ பொத்தானை அழுத்தினார். சுவரளவு திரை ஒளிர்ந்தது. கோலாலம்பூர் பேருந்து வந்தது, ஜொகூர் பேருந்து வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவதாக வந்தது சோதனைப் பேருந்து.

'மாரி அத்தை. குறட்டை விடுவார், பக்கத்து சீட்டில் யாரையும் போடாதே.'

'பெரியப்பா. மைலுக்கு ஒரு தடவை டாய்லெட், கதவோரம் போடு.'

'அம்மா. டிரைவருக்கு வழி சொல்வார், கடைசி வரிசை.'

கைதட்டல் நின்றது.

"யாருடி அது கொறட்ட?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். லூனாஸ் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தையும் மீறி ஆட்களை வேலை வாங்கும் மாரி அத்தையின் குரல் அது.

டத்தோ என் பக்கம் திரும்பி, "அப்பா இனி?" என்றார். (இது என்ன என்று மலாயில் கேட்டார். என் காதில் அது தமிழாகவே விழுந்தது. இனி என்ன, வீட்டுக்குத்தான்.)

பதறிப்போய் மடிக்கணினியைப் பட்டென்று மூடி, கம்பியையும் பிடுங்கினேன். திரையிலிருந்து அத்தை மறைந்தார், பெரியப்பா மறைந்தார். கூடவே, காலையில் விற்ற உண்மையான இருக்கைகளில் கால்வாசி 'காலி' என்று பச்சையாக மாறின. சர்வர்கள் நம்பிக் கொடுத்த பங்கு, மறுபடி இணைத்தாலும் திரும்பாதபடி, மடிக்கணினியோடு போய்விட்டது. மாற்றுப் பிரதிதான் பூஜ்யமாயிற்றே!

"விக்கிறத நிறுத்துங்க!" என்று முகப்பைப் பார்த்துக் கத்தினார் குணா அண்ணன். பிறகு என்னிடம் மெதுவாக, "பேக்கப் எங்கம்மா?" என்றார். அவர் 'அம்மா' போட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். தீபாவளி முடிந்து ஊர் திரும்ப வேண்டிய ஜனங்கள். ஒரே இருக்கையை இருவருக்கு விற்றால் பேருந்துக்குள் அடிதடிதான். நான் அழத் தயாரானேன்.

அத்தை மேடைக்கே வந்துவிட்டார். "கொறட்டய பத்தி அப்பறம் பேசிக்கிறேன். இப்ப என்னா செய்யணும், அத சொல்லு."

"டிக்கெட் வாங்குன எல்லாரோட சீட் நம்பரையும் பாத்து, திரும்ப ஏத்தணும் அத்தை."

அவ்வளவுதான். டத்தோவுக்காக வைத்திருந்த ஒலிவாங்கி அத்தை கைக்குப் போனது. தமிழிலும் மலாயிலும் மாறி மாறி எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். "டிக்கெட்ட காட்டுனாத்தான் நாசி லெமாக்! காட்டாதவங்களுக்கு சம்பல்கூட கெடையாது லா!"

வரிசை வாசல்வரை நீண்டது. அம்மா ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கி எண்ணைப் படித்தார், நான் தட்டினேன், டத்தோ தன் கையாலேயே பொட்டலம் கொடுத்தார். கடைசியில், வசூலான பணத்தோடு ஒப்பிட்டால் ஓர் ஆள் குறைந்தது. அவரைப் பெரியப்பா கழிவறையில் கண்டுபிடித்தார். (பெரியப்பா அங்கே எதற்குப் போனார் என்று திரையைப் படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை.)

பச்சையெல்லாம் பழையபடி சிவப்பானது. டத்தோ புறப்படும்போது, இவ்வளவு ஒழுங்கான வரிசையை இந்த நிலையத்தில் பார்த்ததே இல்லை என்று குணா அண்ணன் கையைக் குலுக்கினார்.

மறுநாள் மாதிரிக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, குழுவுக்குப் பெயர், கடவுச்சொல், மாற்றுப் பிரதி எல்லாம் ஒழுங்காக வைத்தேன். என்னை வேலையிலிருந்து தூக்கிவிடுவார் என்று பயந்திருந்தேன். குணா அண்ணனோ நிரந்தரமாக்கிவிட்டார். "நீ இந்தத் தப்ப இனிமே செய்ய மாட்ட. புது ஆளு எடுத்தா, அவன் மொதல்லேருந்து செய்வான்," என்றார்.

வீட்டில்தான் விடுதலை கிடைக்கவில்லை. லூனாஸுக்குப் போய் நான் மடிக்கணினியை மூடப் போனால் போதும், எந்த மூலையிலிருந்தாவது, "மூடாத, உள்ள ஆளு இருக்கு!" என்று யாராவது கத்துவார்கள். நாளடைவில் இது ஐஸ்பெட்டி, கார் கதவு, கறிச்சட்டி என்று பரவிவிட்டது.

என் திருமணப் பதிவன்று மாப்பிள்ளையும் நானும் கையெழுத்துப் போட்டோம். பதிவதிகாரி புன்னகையோடு தன் கோப்பை மூடப் போனார்.

"சார், மூடாதீங்க! எங்க பொண்ணு உள்ள இருக்கு!" என்றார் அத்தை பின்னாலிருந்து.

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை, பாவம், அந்த மனிதர் கோப்பை மூடவே இல்லை.