பெட்டி காட்டிய இருபத்தி நாலு

இனி இந்த வீட்டில் கூடத்து ஹீட்டரை யாரும் கையால் தொடக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்ட்காரர் முடிவெடுத்தார். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிச் சரிபார்க்கும் மெக்கானிக் அவர். தன் வீட்டில் சூடு ஏறி இறங்குவது மட்டும் அவர் கையில் இல்லை. கூடத்தில் மனைவிக்குக் குளிரும், அவருக்கு வேர்க்கும். அவள் போடுவாள், அவர் அணைப்பார். பதினோரு வருஷத்தில் ஸ்விட்ச்தான் தேய்ந்தது. சண்டை புதுசாகவே இருந்தது.

ஆகவே தானே ஒரு தெர்மோஸ்டாட் செய்தார். குளிர்ந்தால் ஹீட்டரைப் போடும், சூடேறினால் அணைக்கும் சின்னப் பெட்டி. சூட்டை அறியும் சென்சாரை நீளமான வயரின் நுனியில் கோத்து சோபாவுக்குப் பின்னால் விட்டார். எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. டிஸ்பிளே தேர்ந்தெடுக்கத்தான் மூன்று வாரம்.

முதலில் சிவப்பு எண்கள். கூடமே சிவந்துபோய், ஃபோட்டோ கழுவுற ரூம் மாதிரி இருக்கு என்றாள். அடுத்தது சாம்பல் நிறத் திரை. எதிரே நின்றால் பளிச்சென்று தெரியும். சோபாவில் உட்கார்ந்தால் வெறும் சாம்பல்தான். டிகிரி பாக்க எழுந்து நின்னு மரியாதை வேற செய்யணுமா என்று கேட்டாள். எண்ணே வேண்டாம், ஒரு பச்சை விளக்கு போதாதா என்று கெஞ்சிப் பார்த்தார்.

“இருபத்தி நாலுன்னு என் கண்ணால பாக்கணும். பாத்தாதான் குளிர் விடும்.”

கண்ணால் பார்த்தால் போதுமா? லிஃப்ட்காரருக்குப் பொறி தட்டியது. நல்லவேளை, வயரில் இல்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை எண் காட்டும் டிஸ்பிளே ஒன்றை வாங்கி வந்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். பெட்டியின் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார்: உள்ளதோடு மூன்றைக் கூட்டு. கூடத்தில் இருபத்தொன்று இருந்தால் பெட்டி இருபத்தி நாலு என்று நினைத்து ஹீட்டரை அணைத்துவிடும். காலேஜ் வாசலையே மிதிக்காத மனுஷர் ஒரே மாலையில் மூணு டிகிரி வாங்கிவிட்டார்.

நான்கு நாள் சொர்க்கம். முதுகில் சட்டை ஒட்டாமல் பேப்பர் படித்தார். மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு டிஸ்பிளேயைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வேர்த்தது. பெட்டியோ அதே இருபத்தி நாலு என்றது. வேர்க்குது என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அந்த எண்ணே அவர் கூட்டிவைத்த எண். பெட்டியைப் பிரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்தார். வயரை சோபா வரைக்கும் பார்த்தார். அதற்கப்பால் குனிய முதுகு விடவில்லை. மறுநாளும் வேர்த்தது. தன் கைவேலை பழுதாகி ஹீட்டர் பற்றிக்கொண்டால்? வேலையிடத்திலிருந்து சாக்குச் சொல்லிச் சொல்லி மூன்று தடவை வீட்டுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை மாலை தாங்க முடியவில்லை.

“ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டி மூணு டிகிரி கூட்டிச் சொல்லுது. நான்தான் சொல்ல வெச்சேன். இப்ப அதுவும் கெட்டுப்போய் ஹீட்டர் நிக்க மாட்டேங்குது. கழட்டிடறேன்.”

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ரத்த வங்கியில் வேலை அவளுக்கு. பிரிட்ஜுகளின் டிகிரியைப் பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் தினசரிப் பிழைப்பு. அங்கிருந்து ஒரு தெர்மாமீட்டரை இரவல் வாங்கி வந்து, நாலாம் நாளே பெட்டியின் வண்டவாளத்தைப் பார்த்துவிட்டாள்.

“கெடலைங்க. சென்சாரை நான்தான் ஜன்னல் இடுக்குல செருகி வெச்சேன். அங்க மூணு டிகிரி கம்மி.”

லிஃப்ட்காரர் மனசுக்குள் கூட்டிக் கழித்தார். ஜன்னலில் இருபத்தொன்று. பெட்டி மூன்றைக் கூட்டி இருபத்தி நாலு என்கிறது. சோபாவில் இருப்பதும் நிஜமாகவே இருபத்தி நாலு. அவருடைய பொய்யை அவள் மெய்யாக்கியிருந்தாள்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெட்டி கெடவில்லை. வீடு பற்றாது. இவளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ரெண்டு நாளா மனுஷன் வெந்துபோயிட்டேன் என்று முனகினார்.

அவள் கடைசித் துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

“வேர்க்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே.”