பக்கம் மாறிய மடு மண்

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. கணித ஆசிரியையான நான் நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரத்தின் ரொக்ஸ்பரோ பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனது அப்படித்தான். (அதற்கு முன் நான் உதைத்தது என் அண்ணனை மட்டுமே.)

அந்த இலையுதிர்காலம் முழுக்கத் தோற்றோம். கடைசி ஆட்டத்தைச் சமமாகவாவது முடிக்காவிட்டால் அடுத்த வருடம் பெண்கள் அணி இராது என்று பள்ளி அதிபர் சொல்லிவிட்டார். செய்தியைப் பிள்ளைகளிடம் சொன்னேன். எங்கள் கோல் காப்பாளர் அமீனா கையுறைகளைக் கழற்றாமலே பஸ் ஏறிப் போனாள்.

இதைப் போய் அம்மாவிடம் சொன்னேன். மன்னாரில் இரண்டாம் வகுப்போடு நின்றவர் அம்மா. எங்கள் வீட்டில் பாம்புக்கடி முதல் விசா வரை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, மடுமாதா கோவில் மண். ஒரு ஜாம் போத்தலில் வைத்திருப்பார். எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனால் என் விசுவாசம் படித்தது. செபமாலையைச் சட்டைப்பையை விட்டு வெளியே எடுக்காது. பள்ளியில் செபம் கூடாது என்ற விதியும் அதற்கு வசதியாகப் போயிற்று.

ஆட்டத்தன்று எங்கள் வீடு இருக்கும் வில்லரேயிலிருந்து இரண்டு பஸ் மாறி அம்மா வந்து நின்றார். முதற்பாதியில் நான் கண்டதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எதிரணி அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டது, அமீனாவின் முழங்காலில் பட்டது, ஒன்று அவளுடைய முதுகில் பட்டது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. என் பயிற்சிதான் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

இடைவேளையில் அம்மா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"விடிய வந்தவுடன எங்கட கோல் வாசல்ல மடு மண் போட்டிட்டன், பிள்ளை. ஒண்டும் உள்ளுக்க வராது."

காலி ஜாம் போத்தலையும் காட்டினார். அதற்குள் விசில் ஊதி, அணிகள் இடம் மாறத் தொடங்கின.

"ஏன் அவையள் எங்கட பக்கம் வருகினம்?"

"பாதியில பக்கம் மாறுறதம்மா."

"இதை நீ முதலே சொல்லேல்லையே."

மண் பந்தைத் தடுக்காது என்று எனக்குத் தெரியும். நான் கணிதம் படித்தவள். ஆனால் என் கால்கள் நேரே நடுவரிடம் போயின. எங்கள் காப்பாளருக்குக் கண்ணில் வெயில் படும், பழைய பக்கத்திலேயே விடுங்கள் என்று கேட்டேன். நடுவர் வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது. வேறு பொய் வாயில் வராததால் உண்மையைச் சொல்லிவிட்டேன்: அந்தக் கோலில் ஆசீர்வதித்த மண் இருக்கிறது.

"அப்படியென்றால் மேடம், இனி அது அவர்களுக்குத்தான்" என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். நான் தலையில் கை வைத்த நேரம், குளிர்கோட்டும் செபமாலையுமாக ஓர் உருவம் மைதானத்தின் நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தது. கையில் வெறும் ஜாம் போத்தல். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல். நடுவரைக் கடக்கும்போது "போன்ஜூர்" என்றார். எதிரணிக் காப்பாளர் என்ன ஏதென்று தெரியாமல் விலகி வழிவிட, கோல் வாசலில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டிப் போத்தலில் அடைத்தார். எழும்பி "மெர்சி" என்றார். பிறகு எங்கள் கோல்வரை நடந்து அதைக் கொட்டினார்.

அதிபர் வாய் திறந்தபடி இருந்தார். மஞ்சள் அட்டை எனக்கு. எங்கள் பிள்ளைகளோ புல்லில் விழுந்து சிரித்தார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எழும்பியவர்கள் வேறு ஆட்களாக ஓடினார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் பிள்ளை ஒருத்தி மெதுவாகத்தான் அடித்தாள். பந்து உருண்டு போய், அம்மா தோண்டிய குழியில் இடறி, குனிந்திருந்த காப்பாளரின் தலைக்கு மேலால் துள்ளி வலைக்குள் விழுந்தது. எதிரணிப் பயிற்சியாளர் குழியைக் காட்டிக் கத்தினார். நடுவர் கோல் என்றார். சமம். அணி பிழைத்தது. அமீனா கையுறையோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

"பாத்தியே, மண்ணை அள்ளின இடத்தாலதான் போனது" என்றார் அம்மா. பட்டம் வாங்கிய நான் தலையை ஆட்டினேன்.

இன்றும் நான்தான் அந்த அணிக்குப் பயிற்சியாளர். பார்வையாளர் பக்கம் இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். வீட்டில் அண்ணன் எதை வாங்கினாலும், யாரோடு கூட்டுச் சேர்ந்தாலும், பாதியில் பக்கம் மாறுமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் அது பகிடி இல்லை. போன மாதம் எனக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். படிப்பு, வேலை, பங்குக் கோவில் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, அம்மா மாப்பிள்ளையை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, இடைவேளைக்குப் பிறகும் நீங்கள் எங்கட பக்கம்தானே?"