மே பூவுக்கு இடுப்பொடியக் குழி

இந்த வருஷம் ஊர்ச் சிற்றாலயமான குருசடியில், மாதாவின் காலடியில் தன் தோட்டத்து மே பூதான் இருக்க வேண்டும் என்று ஞானதாசன் சபதம் போட்டார். காரணம், பக்கத்து வீட்டு எட்சன். மே மாத ஜெபமாலை தொடங்கினால் போதும், சிவப்புப் பந்துபோல் விரிந்த அந்தப் பூக்களைக் கை நிறைய ஏந்திக்கொண்டு, மாதாவே கேட்டு ஆளனுப்பியதுபோல முதலில் வந்து நிற்பார். ஊரே "எட்சனுக்க பூ, எட்சனுக்க பூ" என்று உருகும். பொறுக்குமா ஒரு மனுஷனுக்கு?

மாசியிலேயே திருவனந்தபுரம் போய் ஒரு பை பூங்கிழங்கு வாங்கி வந்தார். மனைவி லீமா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிணத்தடி நிலத்தை நான் சேனைக்குல்லா வச்சிருக்கேன்?"

"ஏட்டி, சேனையை யாராவது மாதாவுக்கு வைப்பாங்களா?"

"நம்ம திங்கலாம்லா?"

"திங்கதிலேயே இரு! மானம் மரியாதைன்னு ஒண்ணு உண்டு, கேட்டியா?"

பெரிய சண்டைக்குக் கச்சை கட்டி நின்றவரை லீமா ஏமாற்றிவிட்டாள். "செரி, ஒங்க இஷ்டம்" என்றாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவள் சண்டையில்லாமல் சம்மதித்த எதுவும் அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

"ஒண்ணு சொல்லுகேன், கோவப்படாதிய. ஒங்க கைராசி ஊருக்கே தெரியும். நீங்க வச்ச முருங்கை என்னாச்சு?"

"பட்டுப் போச்சு."

"கறிவேப்பிலை?"

"அதை ஏன் கேக்க?"

"அப்பம் குழியை நீங்க வெட்டுங்க. கிழங்கை நான் வைக்கேன்."

நியாயமாகத்தான் பட்டது. கைராசி பார்க்காமல் ஒரு கம்பைக்கூட ஊன்றாத ஊர் அது. மம்மட்டியை எடுத்தார். முழங்கால் ஆழம் போதாது என்றாள், மேலும் வெட்டினார். சாணி சுமந்தார், சாம்பல் போட்டார். அவர் குளிக்கப் போன நேரத்தில் லீமா கிழங்கை வைத்து மண்ணைத் தள்ளினாள். வந்து காய்ந்த இலையால் மூடினார். பிடித்துக்கொண்ட இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே தினமும் தண்ணீர் கோரி ஊற்றினார்.

சித்திரையில் முளை எட்டிப் பார்த்தது. தடித்த, புள்ளி போட்ட முளை. மே பூவின் தண்டிலும் புள்ளி உண்டே! ஞானதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. எட்சனை மதிலோரம் கூப்பிட்டார்.

"பாத்தியா மக்கா? ஒனக்க பூத்தண்டு இந்தத் தடிக்கு வருமா?"

எட்சன் எட்டிப் பார்த்தார். அவருக்கு இருமல் வந்தது.

"வராது அண்ணே. சத்தியமா வராது."

வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். வயிற்றெரிச்சல் என்று ஞானதாசன் முடிவுகட்டினார்.

ஜெபமாலை தொடங்கும் நாள் காலையில் பார்த்தால் முளை குடை விரித்து நிற்கிறது. பூவுமில்லை, பந்துமில்லை. கொதித்துக்கொண்டு அடுக்களைக்குள் பாய்ந்தார்.

"அது சேனை!"

"பின்ன? அம்மாம் பெரிய குழியில வேற என்னத்தை வைக்க?"

"எனக்க மே பூ எங்கட்டி?"

"அதுக்கு விரல் ஆழம் போதும். அடுக்களைக்குப் பின்னால ஒடஞ்ச வாளியில வச்சேன். எல்லாம் பூத்தாச்சு. இப்பதான் குருசடியில கொண்டு வச்சுட்டு வாறேன்."

பாத்திரம் கழுவும் அந்தப் பக்கம் அவர் கல்யாணமான நாளிலிருந்து கால் வைத்ததில்லை. வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

"யாரு பேருல வச்சே?"

"நட்டவ பேருலதான்."

துரோகம்! பச்சைத் துரோகம்! சட்டையை மாட்டிக்கொண்டு குருசடிக்கு ஓடினார். மாதாவின் காலடி சிவப்பாய் ஜொலித்தது. சுற்றி நின்ற பெண்கள் "லீமாக்க பூ, லீமாக்க பூ" என்று உருகிக்கொண்டிருந்தார்கள். எட்சனே தோற்றுப்போய் ஓரமாக நின்றார். அதையும் ரசிக்க முடியவில்லை. வெந்த மனதோடு வீடு திரும்பினார்.

"இடுப்பொடிய நான் வெட்டுன குழியைப் பத்தி ஒருத்தனாவது ஒரு வார்த்தை சொன்னானா?"

லீமா டீயை நீட்டினாள்.

"எட்சன் சொன்னாரே! இப்படியொரு குழியை அவரு பார்த்ததே இல்லையாம். அவருக்கு வாழை வைக்கணுமாம். நாளைக்குக் காலையில ஒங்களை மம்மட்டியோட அனுப்புகேன்னு சொல்லியிருக்கேன்."