ஐந்தாம் பாகத்தில் கொலைகாரன் அழுதது

திண்டுக்கல்லில் பூட்டு விற்பனைக்கு உகந்த காலம் கொலைப்படம் ஓடும் காலம் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். 'கொல்லைக்கதவு' என்ற இங்கிலீஷ் படம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் ஊருக்கு முதலில் வந்தது தொண்ணூற்றாறில். முகமூடி போட்ட ஒருத்தன் கோடாரியோடு வருவான். வாசல் பக்கமே வரமாட்டான். எந்த வீட்டில் கொல்லைக்கதவு திறந்து கிடக்கிறதோ அங்கே நுழைவான். படம் விட்டதும் ஜனங்கள் நேராகப் பூட்டுக்கடைக்கு நடந்தார்கள். ஆத்தூர்க்காரர்கள் மாட்டுக்கொட்டத்துக்கும் சேர்த்து வாங்கினார்கள். மாட்டை வெட்டவா அவன் அமெரிக்காவிலிருந்து வருவான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் பூட்டுச் செய்கிறவர்.

முதல் பாகம் ஓடிய கையோடு எங்களுக்குக் கல்யாணம். இரண்டாம் பாகத்தில் ஓடு மாற்றினோம். மூன்றாம் பாகத்தில் கிரைண்டர். நாலாம் பாகத்தில் மகள் பிறந்தாள். ஆகவே இரண்டாயிரத்து நாலில் 'கொல்லைக்கதவு ஐந்து - கடைசிப் பாகம்' என்று சுவரொட்டி ஒட்டியதும், தீபாவளிக்குச் சிவகாசி தயாராகிற மாதிரி நாங்கள் தயாரானோம். என் இரண்டு ஆட்டையும் விற்றுப் பித்தளைத் தகடு வாங்கினார். ராப்பகலாகத் தட்டிப் பட்டறை நிறையப் பூட்டுச் செய்தார்.

"கடைசிப் பாகம்ல அல்போன்சா, ஒருத்தர விடமாட்டான். நீ வேணும்னா பாரு, ரெண்டு ஆட்டுக்கு நாலு ஆடு வாங்கித் தாரேன்," என்றார்.

ஒரு பத்துப் பேரையாவது வெட்டட்டும் என்று நானும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

முதல் நாள் மதியக் காட்சி விடும் நேரம், இடுப்பில் பிள்ளையும் கையில் பூட்டுக்கூடையுமாகத் தியேட்டர் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு மாயம்மாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, ரொம்பப் பயந்துட்டீகளா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"பயமா? பாவம்டி அவன். சின்னப்பிள்ளையில அவுக அம்மா சோறு போடாம வெளிய தள்ளிக் கொல்லைக்கதவச் சாத்திருச்சாம். அதான் பாவி, வீடு வீடா அலஞ்சிருக்கான்."

"யாரையும் வெட்டலையா?"

"கோடாரிய ஓங்குனான். ஓங்குனவன் அப்படியே உக்காந்து அழுதுட்டான். அந்த வீட்டம்மா சூப்பு குடுத்துச்சு."

"சரி, கடைசில?"

"அந்த வீட்டுலயே தோட்ட வேல பாக்குறான்."

கூடை அப்படியே வீடு திரும்பியது. அன்று சாயங்காலம் மாயம்மாள் அக்கா தன் வீட்டுக் கொல்லைக்கதவை அகலத் திறந்துவைத்து, ஒரு தட்டில் சோறும் வெஞ்சனமும் வைத்தார். கேட்டதற்கு, "பசியோட வந்தான்னா?" என்றார். ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தட்டு வந்துவிட்டது. கதவைச் சாத்தி வைத்தவர்களைக் குழாயடியில் ஈரமில்லாதவர்கள் என்று பேசினார்கள். வசதியானவர்கள் கதவையே கழற்றி மொட்டை மாடியில் சாத்தினார்கள். வத்தலக்குண்டில் ஒரு வீட்டுக்குக் கதவு வைக்காமலேயே பால் காய்ச்சியதாகவும், போனவர்கள் எல்லாரும் மெச்சியதாகவும் கேள்விப்பட்டோம். எங்களிடம் விற்றது ஒரே ஒரு பூட்டு. வாங்கினவர், பேப்பர் பறக்காமல் இருக்க என்றார்.

பூட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் மைதீன் பிச்சை பாய் எங்களைக் கூட்டிக்கொண்டு மாவட்ட அச்ச மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அலுவலர் மகேஸ்வரி மேடம்.

"மேடம், போஸ்டர்ல பயங்கரம்னு போட்டிருக்கு. உள்ள பயமே இல்ல," என்றார் பாய்.

"எங்க அலுவலகம் இருக்கிற பயத்தைத்தான் மதிப்பிடும். இல்லாத பயம் எங்க வரம்புல வராது."

"இல்லைங்கிறத யாரு சொல்லணும் மேடம்?"

"நாங்கதான் சொல்லணும்."

"அப்பச் சொல்லுங்க."

"பார்க்காம எப்படிச் சொல்றது?"

முறைப்படி மூன்று ஜீப்பில் ஆய்வுக்குழு புறப்பட்டது. ஆய்வு நடுநிலையாக இருக்கவேண்டும் என்பதால் குடும்பத்தாரும், குடும்பத்தார் பசியோடு இருக்கக்கூடாது என்பதால் முறுக்கும் உடன் சென்றன. எல்லாரும் அழுதுவிட்டு வந்தார்கள். மறுவாரம் ஆணை வந்தது: "மேற்படி கொலைகாரர் மனம் திருந்தியமையால் நகரில் அச்சம் அறவே நீங்கியதாகக் கருதப்படுகிறது. இனி வீட்டைப் பூட்டுதல் நகரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் செயலாகும்." கூடவே, வருகிற ஞாயிறு மதியம் 'அச்சமற்ற நகரம்' விழா, பொதுமக்கள் வீடுகளைத் திறந்துபோட்டுத் திரளாக வந்து சிறப்பிக்கவும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போனார்கள்.

என் வீட்டுக்காரரை விழாவில் 'பூட்டாத பூட்டுக்காரர்' என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்துவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பட்டறையை மட்டுமாச்சும் பூட்டிட்டு வாங்க. நம்ம ஆடு ரெண்டும் அங்கதான் பூட்டாக் கெடக்கு," என்றேன்.

"பூட்டிட்டு வந்து அந்தப் பொன்னாடைய எப்படி வாங்குவேன்? நீயும் படத்தைப் பாத்திருந்தா இப்படிப் பேசமாட்ட," என்றார். அவர் இரண்டு தடவை பார்த்திருந்தார்.

விழா பிரமாதம். ஐந்து பேர் பேசினார்கள், அதில் இரண்டு பேர் அழுதார்கள். நாலு மணிக்கு வீடு திரும்பினோம். தெருவில் ஒரு டிவி இல்லை, ஒரு அண்டா இல்லை. மகேஸ்வரி மேடத்தின் அலுவலகத்தில் மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும் ஆடியது. மாயம்மாள் அக்கா வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் எடுத்துப் போயிருந்தார்கள். எங்கள் பட்டறையில் ஒரு பூட்டு மிச்சமில்லை. பொன்னாடையைத் தோளில் போட்டபடியே என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் ஒரு வேன் வந்து நின்றது. வேன் நிறையப் பூட்டு. ஊரே வரிசையில் நின்றது. வரிசையின் தலையில் மகேஸ்வரி மேடம். ஒரு பூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்த என் வீட்டுக்காரர் அதோடு நேராக மேடத்திடம் போனார்.

"மேடம், இது நான் செஞ்ச பூட்டு. நேத்துத் திருடுபோனது."

"உடைச்சு எடுத்தாங்களா?"

"பூட்டவே இல்லையே மேடம். நீங்கதான..."

"உடைக்காம எடுத்தா அது திருட்டுல வராது. சரக்கு இடம் மாறியிருக்கு, அம்புட்டுத்தான். வரிசையில நில்லுங்க."

பின்னாலிருந்து ஒருத்தர், "ஏலே, பூட்டுக்காரனுக்கு என்னடா பூட்டு அவசரம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வேன்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள் போல. பேச்செல்லாம் அம்புட்டு மரியாதை. ஆளுக்கு ஒரு பூட்டும் ஒரு சாவியும் கொடுத்தார்.

"பூட்டுக்கு ரெண்டு சாவி உண்டே?" என்றார் மேடம்.

"இன்னொன்னு எங்ககிட்டயே பத்திரமா இருக்குதுங்க. உங்க சாவி தொலஞ்சா நாங்களே வந்து தெறந்து குடுத்துருவோமுங்க. வெலாசம் மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இப்படி ஒரு சேவை இதுவரை எந்த அலுவலகத்திலும் இல்லை என்று மேடம் மனதாரப் பாராட்டினார். விலாசத்தைச் சொன்னதோடு, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் தெளிவாகச் சொன்னார். அவரைப் பார்த்துப் பின்னால் நின்ற எல்லாரும் அதேபோலச் சொன்னார்கள்.

திறந்த வீட்டோடு எத்தனை நாள் இருப்பது? எங்கள் முறை வந்ததும் நானும் காசைக் கொடுத்து, என் வீட்டுக்காரர் தட்டிய பூட்டையே வாங்கிக்கொண்டு, விலாசத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாமுங்க. உங்க வீடு தெரியுமுங்க," என்றார் அவர்.